சேஸி இலக்கம் 117 பற்றிய பதில்

வல்தேரா கொம்பனியின் பழைய பதிவேடுகளுக்குப்
பொறுப்பான ஐயாவுக்கோ அம்மாவுக்கோ,
யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலிருந்து மனுவேற்பிள்ளை எழுதுவது.

உங்கள் சரித்திரப் புத்தகம் கிடைத்தது.
கிறீஸ் படாமல் தாள் புரட்ட
மருமகனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

சண்டை முடிந்த வருசம் உங்கள் முதலாளி
உடைந்த டாங்கிகளின் இரும்பில்
தண்ணீர்ப் பம்பு செய்து விற்றார் என்று ஒரே ஒரு வரி.
பிறகு நாற்பது பக்கம் பந்தயம்.
மலைப்பாதையில் எரிந்துபோன ஓட்டுநருக்கு அரைப் பக்கம்,
வேலைநிறுத்தத்துக்கு ஒரு பந்தி,
கடன்காரர், வங்கி, எண்ணெய் நாட்டு இளவரசர், மறுபடி வங்கி.
ஆறு தரம் கைமாறியும்
ஆந்தைச் சின்னம் மாறவில்லை என்று
பெருமைப்படுகிறீர்கள்.

அந்த ஆந்தையால்தான் இங்கே கரைச்சல்.
அறுபத்துநாலில் அப்புக்காத்து கனகசபேசன்
கொழும்பிலிருந்து ஓட்டி வந்த அன்று
மூக்கில் ஆந்தை குந்தியிருக்கிற வண்டிக்கு
எலுமிச்சம்பழம் வைக்கமாட்டன் என்றா வீட்டுக்காரி.
சந்தனம் அப்பி அதன் கண்ணை மறைத்த பிறகே
படலை திறந்தது.

இனி உங்கள் படிவம்.

நிறம்: சிவப்பு.
தொண்ணூறில் ஹெலி சுற்றத் தொடங்க
சாணிப் பச்சை. நான்தான் தும்புத் தூரிகையால் அடித்தேன்.

எரிபொருள்: மண்ணெண்ணெய்.
பெற்றோல் எங்களுக்கு மருந்து மாதிரி.
சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பருக்கினால்
இருமி இருமி எழும்பும்.
உங்கள் என்ஜினியர்மார் கண்டால் அழுதிருப்பார்கள்.
எனக்கும் கண்ணீர் வந்தது, புகையால்.

அதிகூடிய வேகம்:
மணிக்கு நூற்றிநாற்பத்தெட்டு மைல் என்று
நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்.
நான் கண்டதைச் சொல்கிறேன்.
தொண்ணூற்றைந்து ஐப்பசி. மழை.
ஊர் முழுக்க ஓரிரவில் எழும்பி
நாவற்குழிப் பாலத்தால் போனது.
இரண்டு பேருக்கான வண்டியில் ஏழு பேர்,
முன்மூடியில் கயிறு போட்டுக் கட்டிய தையல் மெசின்,
அப்புக்காத்தின் நடக்கமாட்டாத தங்கச்சி,
அவவின் மடியில் நாய்.
செம்மணி வெளி தொடங்கிப் பாலம் தாண்டப்
பதினொரு மணித்தியாலம்.
சைக்கிள்கள் முந்தின.
ஒரு கன்றுத்தாய்ச்சிப் பசு முந்தியது,
பிறகு அதுவும் களைத்து நின்றது.
கிளச்சை மிதித்து மிதித்து
என் இடது முழங்கால் இன்றைக்கும் மழையை முன்கூட்டிச் சொல்லும்.
வேகம் காட்டுகிற முள் ஒருதரமும் அசையவில்லை.
இதை எந்தக் கட்டத்துக்குள் எழுத?

உரிமையாளர்:
அவர் கனடாவில் காலமானார்.
எனக்குத் தரவேண்டிய கூலிக்கு
வண்டியை எழுதித் தந்துவிட்டுத்தான் போனார்.
அதற்குள் சில்லு நாலும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

தற்போதைய நிலை:
ஆறு சிலிண்டரில் நாலைச் சும்மா விட்டு
இரண்டில் ஓட்டுகிறேன், இணுவிலில், கிணற்றடியில்.
குலுங்கும். ஆனாலும் இறைக்கும்.
விடியப்புறம் வாய்க்காலில் தண்ணீர் திரும்புகிற நேரம்
பம்பு செய்த அந்த மனுசன் வேலியோரம் வந்து நின்றால்
சத்தத்தை வைத்தே
தன்னுடைய பிள்ளை என்று சொல்லியிருப்பார்.
பந்தயக்காரர் சொல்லமாட்டார்கள்.

மியூசியத்துக்கு விலை கேட்டிருக்கிறீர்கள்.
சைபர்களை மருமகன் இரண்டு தரம் எண்ணினான்,
மூன்றாம் தரம் என் முகத்தைப் பார்த்தான்.
வெங்காயம் இப்போதுதான் நட்டது.
மாசி கழியட்டும், கதைப்பம்.

அதுவரைக்கும் ஓர் உதவி.
காபுரேற்றர் காஸ்கெற் இரண்டு வேண்டும்.
பழைய சப்பாத்துத் தோலை வெட்டிப் போட்டிருக்கிறேன்,
ஒழுகுகிறது.
கையிருப்பில் இருந்தால் தபாலில் போடவும்.
பில்லையும் மறவாமல் வைக்கவும்.